வயிறு நிறைந்த குஞ்சுகள்

தருமபுரம், காரைக்கால்
12.2.1985

அன்புள்ள அத்தானுக்கு,

சோமு எழுதுவது. நானும் விழிதியூரில் அக்காவும் அல்லியும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? குவைத்தில் குளிர் விட்டதா?

கிளிஞ்சல்மேட்டுக்குப் போகும் வழியில் இருக்கிற உங்கள் கடைமடை நிலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆற்றுத் தண்ணீர் அங்கே எட்டிப் பார்ப்பதற்குள் மற்ற ஊரில் எல்லாம் கதிர் வாங்கிவிடுகிறது. இந்தப் போகமும் பாதி பதர்தான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. களத்தில் தூற்றும்போது நான் கூட இருந்தேன், அதனால் தெரியும்.

தூத்துக்குடிப் பக்கம் மீன் ஆராய்ச்சிக் கூடத்தில் நான் உதவியாளாக இருந்தது உங்களுக்குத் தெரியும். கொடுவா மீனை முட்டையிலிருந்து வளர்த்து எடுக்க அங்கே முயன்றுகொண்டிருந்தார்கள். அதை நம் நிலத்தில் செய்து பார்க்கலாம் என்று எனக்கு ஆசை. கொடுவாக் குஞ்சு முட்டையிலிருந்து வரும்போது ஒரு வெட்டிய இமை முடி மாதிரி இருக்கும். வயிற்றில் ஒட்டிய மஞ்சள் கருவை வைத்து இரண்டு நாள் தள்ளும். பிறகு வாய் திறக்கும். அந்த வாய்க்குள் நுழைகிற அளவில் உயிரோடு நீந்துகிற தீனி வேண்டும். அசையாத எதையும் அது தின்னாது. அதற்கு ரோட்டிஃபர் என்று ஒரு பூச்சி இருக்கிறது. கண்ணுக்குத் தூசி மாதிரித்தான் தெரியும். அந்தப் பூச்சிக்குத் தீனி, கடல் தண்ணீரில் வளர்கிற நுண்பாசி. நாங்கள் பச்சைத் தண்ணீர் என்போம். ஆக, பச்சைத் தண்ணீரை வளர்க்கத் தெரிந்தவனுக்குக் கொடுவா வளர்க்கத் தெரியும்.

நிலத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகையும் தொட்டிகளும் போட்டுக் குஞ்சு பொரிக்கலாம். மீதியைக் குளமாக வெட்டி உப்பனாற்றுத் தண்ணீரை உள்ளே விடவேண்டும். ஒரு தடவை உப்பு ஏறிவிட்டால் அங்கே மறுபடி நெல் வராது. அதையும் சொல்லிவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சோமசேகரன்


குவைத்
3.3.1985

அன்புள்ள சோமுவுக்கு,

அத்தான் எழுதுவது. நான் நல்ல சுகம். அங்கே அனைவரின் சுகத்துக்கும் எழுதவும்.

உன் கடிதத்தை அறையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். நாங்கள் இங்கே ஆலையில் கடல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிதண்ணீர் ஆக்குகிறோம். என் மைத்துனன் நல்ல வயலில் கடல் தண்ணீரை விடப் போகிறான் என்று சொன்னதும் ஒரே சிரிப்பு. ஆனால் கும்பகோணத்துக்காரர் ஒருத்தர் சிரிக்கவில்லை. “அதுல வெவரம் இருக்குய்யா, இங்க ஓட்டல்ல கொடுவா என்ன விலை விக்குது பாத்தீங்களா”ன்னு கேட்டார்.

எனக்கு அந்த விவரம் எல்லாம் பெரிதில்லை. போன தடவை ஊருக்கு வந்தபோது அல்லி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “யாரும்மா இந்த மாமா?”ன்னு கேட்டுது. நீயும் அங்கேதான் இருந்தாய். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். அதற்கப்புறம் இங்கே வந்து எத்தனையோ தடவை அந்தக் குரல் காதில் கேட்டுவிட்டது. நெல்லை நம்பி நான் ஊர் திரும்ப முடியாது. மீனை நம்பித் திரும்ப முடியும் என்றால் குளத்தை வெட்டு. உப்பு ஏறினால் ஏறட்டும்.

உன் அக்காவிடம் நானே எழுதிச் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
திருஞானசம்பந்தம்


தருமபுரம்
6.5.1985

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். அக்காவுக்கு மட்டும் கொஞ்சம் சளி.

குளம் வெட்டி முடிந்தது. மடையைத் திறந்து உப்புத் தண்ணீர் விட்ட அன்று அக்கா வரப்பில் நின்றாள். வைக்கோல் தாளோடு கிடந்த மண்ணைத் தண்ணீர் மூடிக்கொண்டே வந்தது. “பாக்க முடியலடா சோமு”ன்னு சொல்லிவிட்டு அல்லியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் இருந்து பார்த்தேன்.

கிளிஞ்சல்மேட்டுக் கருப்பையன் அரசலாற்று முகத்துவாரத்தில் வலைபோட்டுச் சினைக் கொடுவா ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். வயிற்றை மெல்லத் தடவினால் முட்டை தானாக வழிந்தது. கூடவே பிடித்த ஆண் மீனின் விந்துப் பாலைக் கலந்து தொட்டியில் விட்டேன். மறுநாள் தொட்டி நிறையக் குஞ்சு. ஆனால் பச்சைத் தண்ணீர் என்னை ஏமாற்றிவிட்டது. சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறி, கிளிப்பச்சையாக இருந்தது பழுப்பாகி நாற்றம் எடுத்துவிட்டது. பாசி போனதும் ரோட்டிஃபர் அடியில் படிந்தது. குஞ்சுகள் வாய் திறந்த நேரத்துக்குத் தீனி இல்லை. எல்லாம் போய்விட்டன.

முதல் தடவை அப்படித்தான் இருக்கும். கீற்றுப் பந்தல் போட்டுப் பாசித் தொட்டிகளுக்குப் பாதி நிழல் கொடுத்திருக்கிறேன். கவலைப்பட வேண்டாம்.

அன்புள்ள,
சோமு


குவைத்
9.6.1985

அன்புள்ள சோமுவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. குஞ்சு செத்ததற்கு வருந்தாதே, மறுபடி செய். எனக்கு இப்போது வேலை அதிகம், அதனால் நான் சொல்லச் சொல்லக் கும்பகோணத்துக்காரர் எழுதுகிறார். சீக்கிரம் செய். உன் அக்காவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அதாவது குஞ்சு செத்ததைப் பற்றி.

திருஞானசம்பந்தம்


தருமபுரம்
9.9.1985

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கு எல்லாரும் நல்ல சுகம். போன கடிதம் உங்கள் கையெழுத்தில் இல்லாதது அக்காவுக்கு மனசுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அடுத்ததை நீங்களே எழுதுங்கள்.

அத்தான், மீன் வந்துவிட்டது!

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆடியில் கருப்பையன் கொடுத்த சினை மீனின் முட்டைதான். இந்தத் தடவை பாசியை ஒரே தொட்டியில் வைக்காமல் பிரித்து வைத்தேன். ஒன்று பழுத்தால் இன்னொன்று பச்சையாக இருக்கும். அதிகாலையில் பச்சைத் தண்ணீரை மொண்டு ரோட்டிஃபர் தொட்டியில் ஊற்றுவேன். பலகாரக் கடையில் கூட்டம் மொய்க்கிற மாதிரி மேலே வரும். தலையில் இருக்கிற முடிவளையத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பாசியை உள்ளே இழுக்கும். கொஞ்ச நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு பச்சைப் பொட்டு. அப்போதுதான் அதை வடிகட்டிக் குஞ்சுத் தொட்டியில் விடுவேன். குஞ்சு உடம்பை ‘எஸ்’ மாதிரி வளைத்து நிற்கும். சட்டென்று நிமிரும். ரோட்டிஃபர் காணாமல் போகும்.

ஒருநாள் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். “ஏண்டா, இவ்வளவுண்டு வயித்துக்கா நீ சோறு தண்ணி இல்லாம கெடக்குற?”ன்னு கேட்டாள். அப்புறம், “அவருக்கு எழுதுடா, இன்னிக்கே எழுது”ன்னாள். நான்தான் எழுதவில்லை. செத்துவிடுமோ என்று பயம்.

இப்போது அவை சுண்டுவிரல் நீளம். பெரியது சின்னதைத் தின்கிறது, அதனால் ரகம் பிரித்துப் பிரித்து வளர்த்தேன். அதற்கெல்லாம் தப்பியவை கொஞ்சம்தான். ஆனால் நேற்று அவற்றை நம் குளத்தில் விட்டேன். குளத்தை நிரப்ப ஐப்பசியில் இன்னொரு தடவை பொரிக்க வேண்டும். வழி தெரிந்துவிட்டது, அத்தான். இனி பயமில்லை.

உங்கள்,
சோமு


குவைத்
2.10.1985

என் சோமுவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். இன்றைக்குத்தான் நிஜமாகவே சுகமாக இருக்கிறேன். நீயும் அக்காவும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அறையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். கும்பகோணத்துக்காரர், “சம்பந்தம், நீ பொழச்சுக்கிட்டய்யா”ன்னு சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அவர் ஏன் அழுதார் என்று நேரில் சொல்கிறேன்.

வருஷக் கடைசியோடு இந்த வேலை போதும் என்று தீர்மானித்துவிட்டேன். தை பிறக்கும்போது ஊரில் இருப்பேன். குளத்துக்குக் காவல் நானே இருக்கிறேன். தீனி போட, வலை பழுதுபார்க்க எல்லாம் நீ சொல்லிக்கொடு. ஐப்பசிக் குஞ்சு எப்படி இருக்கிறது என்று உடனே எழுது.

உன் அத்தான்,
திருஞானசம்பந்தம்


விழிதியூர்
24.11.1985

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

உங்கள் தையல்நாயகி எழுதிக்கொண்டது. நானும் அல்லியும் சுகம். அங்கே உங்கள் சுகத்தைக் காரைக்கால் அம்மையார் பார்த்துக்கொள்வாள்.

இங்கே அடைமழை. ஐப்பசி முதல் விட்டபாடில்லை. துணி காயவில்லை. பக்கத்து வயல்களில் சம்பா நல்லா வந்திருக்கிறது. அல்லி ஒன்றாம் வகுப்பில் முழுப்பேரும் எழுதப் பழகிவிட்டாள். தையல்நாயகி திருஞானசம்பந்தம் அல்லி என்று எல்லாப் பேரையும் சேர்த்து எழுதுகிறாள்.

சோமு சரியாகச் சாப்பிடுவதில்லை. கொட்டகையிலேயே கிடக்கிறான். கூப்பிட்டால் “வர்றேன்க்கா” என்கிறான், வருவதில்லை. ரொம்ப இளைத்துவிட்டான்.

குளத்தைப் பற்றி அவன் எழுதுவான். நான் எழுதினால் சரியாக வராது. நீங்கள் வேலையை விடுவதற்கு முன்னால் அவனுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்,
தையல்நாயகி


குவைத்
9.12.1985

அன்புள்ள சோமுவுக்கு,

நான் சுகம். நீ சுகமா? உன்னைக் கேட்டுக்கொள்ளச் சொல்லி அக்கா எழுதியிருக்கிறாள். நான் ஏற்கனவே இரண்டு தடவை கேட்டு எழுதியாயிற்று. பதில் இல்லை. குஞ்சுகளுக்கு நடுவில் உனக்குப் பேனா எடுக்க நேரமில்லை போல. அது நல்ல செய்திதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே எல்லாம் முடிந்தது. ஜனவரி முதல் வாரத்தில் பம்பாய், அங்கிருந்து ரயில். அல்லிக்குச் சாவி கொடுத்தால் நீந்துகிற பொம்மை மீன் ஒன்று வாங்கியிருக்கிறேன். நிஜ மீன் இருக்கும் வீட்டுக்குப் பொம்மை மீன் எதற்கு என்று கடைக்காரனிடம் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை.

அத்தான்


கிளிஞ்சல்மேடு
27.12.1985

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் சுகத்தைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

குளத்தில் மீன் இல்லை. தொட்டியிலும் இல்லை.

ஐப்பசியில் கருப்பையன் நல்ல சினை மீன் கொண்டுவந்தார். குஞ்சும் நிறையப் பொரித்தது. அன்றைக்குப் பிடித்த மழை. சூரியனைப் பார்க்கவே முடியவில்லை. பாசிக்கு வெயில்தான் சோறு. எத்தனை தொட்டியில் பிரித்து வைத்திருந்தால் என்ன, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வெளுத்து அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. வீட்டிலிருந்த குழல் விளக்குகளைக் கழற்றி வந்து கட்டினேன். மின்சாரம் போய்ப் போய் வந்தது. ரோட்டிஃபரைப் பட்டினி போடக் கூடாது என்று, கடைத்தெரு ரொட்டிக்கடையில் மாவு புளிக்கப் போடுகிற ஈஸ்டை வாங்கிவந்து கரைத்து ஊற்றினேன். தின்றது, அத்தான். தின்று பெருகியது. தொட்டி கொள்ளாமல் பெருகியது. நான் ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

குஞ்சுகளும் அதைத் தின்றன. வயிறு முட்டத் தின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு வயிறும் உருண்டையாக இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் சாய்ந்து சுற்றும், நடுங்கும், அடியில் போய் விழும். முதலில் நோய் என்று நினைத்துத் தண்ணீரை மாற்றினேன். பிறகுதான் புரிந்தது. பச்சை தின்னாத ரோட்டிஃபருக்குள் ஒன்றும் இல்லை. வெறும் பை. நான் அவற்றுக்கு வேளை தவறாமல் வெறும் பையை ஊட்டியிருக்கிறேன். பட்டினியில் செத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு இருந்திருக்காது. நிறைந்த வயிற்றோடு செத்தன. புரிந்த பிறகும் வேறு வழியில்லாமல் அதையேதான் ஊட்டினேன்.

முன்பே குளத்தில் விட்டவையாவது இருக்கின்றன என்று நம்பிக்கொண்டிருந்தேன். கார்த்திகை மழையில் உப்பனாறு ஏறி வந்து வரப்புக்கு மேல் வழிந்தது. ஆறும் குளமும் ஒரே தண்ணீர். வடிந்த பிறகு நானும் கருப்பையனும் வலை இழுத்தோம். இரண்டு கெளுத்தியும் நண்டும் வந்தன. கருப்பையன், “போயிடுச்சு தம்பி, அதுங்க வந்த எடத்துக்கே போயிடுச்சு”ன்னார்.

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. தினமும் எழுத உட்கார்ந்தேன். “அன்புள்ள அத்தானுக்கு” என்பதோடு நின்றுவிடும். நாளைக்கு ஒருநாள் வெயில் வந்தால் வேறு மாதிரி எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். நீங்கள் கிளம்புவதற்குள் இது கிடைத்தால், தயவுசெய்து வேலையை விட்டுவிடாதீர்கள். விட்டிருந்தால் திரும்பக் கேளுங்கள். காக்கிநாடாப் பக்கம் இறால் பண்ணை ஒன்றில் எனக்கு வேலை இருக்கிறது, நாளைக்குப் போகிறேன். உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

சோமசேகரன்


விழிதியூர்
30.1.1986

தம்பி சோமுவுக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. உன் விலாசத்தைக் கருப்பையனிடம் வாங்கினேன். நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

அவர் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தார். பெட்டியை இறக்கி வைத்ததும் முகம்கூடக் கழுவவில்லை. “வா, குளத்தப் பாத்துட்டு வந்துரலாம்”ன்னார். வலது கையை வரும்போதே துண்டால் சுற்றி வைத்திருந்தார். வெயிலுக்குச் சுற்றியிருக்கிறார் என்று நினைத்தேன்.

நான் போகவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ எழுதியிருப்பாய், தெரிந்துதான் வந்திருக்கிறார், எனக்காகச் சிரித்த முகமாக இருக்கிறார் என்று நினைத்தேன். வரப்பில் நின்று நெடுநேரம் தண்ணீரையே பார்த்தார். அல்லி, “எங்கப்பா மீனு?”ன்னு கேட்டுது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “அடியில இருக்குமா தையலு?”ன்னார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. “தம்பி எழுதலீங்களா?”ன்னு கேட்டேன். “எழுதல”ன்னார். அவ்வளவுதான். கொட்டகைக்குள் போய் ஒவ்வொரு தொட்டியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

ராத்திரி சோறு போடும்போது துண்டை எடுத்தார். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருக்கின்றன. நடுவில் மூன்று விரலும் இல்லை. வைகாசியிலேயே ஆலையில் பம்பு இழுத்துக்கொண்டுவிட்டதாம். உன் முதல் குஞ்சு செத்த கடிதம் கிடைத்த வாரம். அதனால்தான் வேறு ஆள் எழுதினார். பிறகு வந்ததெல்லாம் இடது கையால் எழுதியது. இடது கையால் பிசைந்து சாப்பிட அல்லி முன்னால் கூச்சப்பட்டார். நான் ஊட்டிவிட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. என்மேலும் இருக்கிறது. நீ எழுதுவாய் என்று நான் இருந்தேன், நான் எழுதியிருப்பேன் என்று நீ இருந்திருப்பாய். அவரோ அங்கே உட்கார்ந்து நமக்கு ஒன்றும் தெரியக்கூடாது என்று இருந்திருக்கிறார். மூன்று பேரும் நல்லாத்தான் இருந்தோம்.

அக்கா


விழிதியூர்
9.3.1986

அன்புள்ள சோமுவுக்கு,

அத்தான் எழுதுவது. இடது கைதான். இப்போது கொஞ்சம் பழகிவிட்டது. நான் சுகம். உன் அக்காவும் குழந்தையும் சுகம்.

நீ குவைத்துக்கு எழுதிய கடிதம் அங்கிருந்து கும்பகோணத்துக்காரர் விலாசம் மாற்றி அனுப்ப, நேற்று இங்கே வந்தது. நானும் உன் அக்காவும் சேர்ந்து படித்தோம்.

ஒன்று உனக்குத் தெரியவேண்டும். நீ முன்னாலேயே எழுதியிருந்தாலும் நான் அங்கே இருந்திருக்க முடியாது. விரல் போனவனை வருஷக் கடைசி வரைதான் வைத்திருப்போம் என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள். நானாக விட்டதாக உங்களுக்கு எழுதினேன். உன் மீன் இல்லாவிட்டால் அப்படி எழுத எனக்கு மனசு வந்திருக்காது. பம்பாயிலிருந்து ரயிலில் வரும்போது பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் பச்சைத் தண்ணீர் எப்படி வளர்ப்பது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். உன் செப்டம்பர் கடிதம் எனக்கு மனப்பாடம். ஒருத்தர் விலாசம்கூட வாங்கிக்கொண்டார்.

குளம் வற்றிவிட்டது. அடிமண் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்துக் கிடக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் விதைத்துப் பார்த்தேன். முளைத்தது, இரண்டு இலை விட்டது, நுனி கருகிப் போய்விட்டது. உன் கொட்டகைக் கீற்றைக் காற்று கொண்டுபோய்விட்டது. தொட்டிகளில் பாசி காய்ந்து பொருக்காக ஒட்டியிருக்கிறது. அல்லி அதைச் சுரண்டி விளையாடுகிறாள்.

கிளிஞ்சல்மேட்டுக்காரர்கள் அந்தத் தரையைக் கருவாடு காயப்போடக் கேட்டார்கள். உப்புத் தரை, அவர்களுக்குத் தோதாக இருக்கிறது. கொடுத்துவிட்டேன். காக்காய், நாய் வராமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். நானே இருக்கிறேன் என்றேன். கருப்பையனுக்குத்தான் சங்கடம். “நெலத்துக்காரரு நீங்க, நீங்க போயி காக்கா வெரட்டுறதா”ன்னு கேட்டார். வேறு எந்த வேலைக்கு இந்தக் கை ஆகும்? காலையில் போனால் பொழுது சாய வருவேன். அல்லி மத்தியானச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, நாற்றம் தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும்.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு இப்போது மனசு இல்லை. அதை மறைக்க மாட்டேன். கோபம் உன்மேலா, மழைமேலா, அந்தப் பம்புமேலா என்று எனக்கே தெரியவில்லை. உன் அக்கா வாசலில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து போகிறாள். தபால்காரர் தாண்டிப் போனதும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

அதனால் எழுது. நல்ல சேதி வரட்டும் என்று காத்திருக்காதே. ஒன்றும் இல்லை என்றால், ஒன்றும் இல்லை என்று எழுது.

திருஞானசம்பந்தம்